செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை

தென்சென்னையில் ஒரு சலூன். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். வழக்கமாக நாம் சாய்ந்து உட்காரும் நாற்காலிகளில் அங்கே வேலை பார்ப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முடி வெட்டும் பையன்கள் மூன்று பேர், ஃபேஷியலும் த்ரெட்டிங்கும் பார்க்கும் பெண்கள் நான்கு பேர், பெடிக்யூர் பார்க்கும் மணிப்பூர்ப் பெண்கள் இருவர், பில் போடும் பெண், கூட்டித் துடைக்கும் அக்கா, மேனேஜர். மொத்தம் பன்னிரண்டு பேர். நாற்காலிகள் எல்லாம் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. சலூன் நாற்காலி சுழலும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அதை இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற மாதிரியும் திருப்பலாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பிளாஸ்கில் டீ, பேப்பரில் வடை. மேனேஜர் மடியில் ஒரு நீளமான நோட்டு. வாராவாரம் இந்த நேரத்தில் நாற்பது நிமிஷம் இப்படி உட்காருகிறார்கள். ‘மீட்டிங்’ என்றுதான் சொல்கிறார்கள்.

நான் இங்கே வந்ததற்கு என் தலைதான் காரணம். சில வருஷங்களாக வேறொரு சலூனில் நரைக்குக் கலர் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண்தான் போடுவார். ஒருநாள் போனபோது அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். எனக்கு எந்த நம்பர் கலர், என்ன அளவு என்று அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. “பார்த்துப் போட்டுடலாம் சார்” என்றார்கள். பார்த்துத்தான் போட்டார்கள். மூன்று வாரம் செம்பட்டைத் தலையோடு ஆபீஸ் போய் வந்தேன். ஒரே அறையில் பத்து மணி நேரம் ஒன்றாக நிற்பவர்களுக்குள், பக்கத்து நாற்காலியில் நடப்பது தெரியாமல் போவது எப்படி? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் தொடங்கியது.

மாமன் மச்சான் இருந்த கடை

சலூன்காரருக்குச் செவ்வாய் லீவு. தமிழ்நாட்டில் யாரும் எழுதிவைக்காத விதி இது. செவ்வாயில் முடி வெட்டக்கூடாது என்று ஊர் நம்பியது. கடைக்காரருக்கு வாரத்தில் ஒருநாள் கிடைத்தது. பொண்ணு பார்ப்பது, துக்கம் விசாரிப்பது, சங்கக் கூட்டம் எல்லாம் அன்றைக்குத்தான். ஊரில் அத்தனை சலூனும் ஒரே நாளில் மூடியிருந்ததால், தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கையை வீசி நடக்க முடிந்தது.

கடைக்குள் பார்த்தால், முதல் நாற்காலியில் அண்ணன், அடுத்ததில் மச்சான், ஓரத்தில் ஷேவிங் பழகும் அக்கா மகன். தகராறு வந்தால் வீட்டுக்குப் போய் ஆத்தா முன்னால் தீர்த்துக்கொண்டார்கள். 1950, 60களில் திராவிட இயக்கப் பத்திரிகைகளைச் சத்தமாகப் படித்து ஊரே விவாதித்த இடமும் அந்தச் சலூன்தான். பேச்சுக்குப் பஞ்சமில்லாத கடை. அங்கே கூட்டம் போட்டுப் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

இதைச் சொல்லும்போது ஏக்கப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கடையை ஒன்றாகக் கட்டி வைத்திருந்த கயிறு சாதி. அப்பா கத்தியைப் பிடித்தார் என்பதற்காகவே மகன் பிடித்தான். யார் தலையைத் தொடலாம், யார் தலையைத் தொடக்கூடாது என்பதை ஊர்தான் முடிவு செய்தது. அந்தக் கயிறு அவிழ்ந்தது நல்லதுதான். ஆனால், அவிழ்ந்த இடத்தில் வேறு எதையாவது கட்ட வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை.

2000-ம் ஆண்டில் சென்னையில் நேச்சுரல்ஸ் வந்தது. இரண்டு வருஷம் கழித்து கவின்கேர் நிறுவனத்தின் க்ரீன் ட்ரெண்ட்ஸ். பின்னாலேயே தெருவுக்குத் தெரு ஏ.சி. சலூன்கள், கண்ணாடிக் கதவு, கறுப்புச் சீருடை. தேனியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் இம்பாலிலிருந்தும் ஐஸாலிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். எந்தச் சாதியிலிருந்தும் வந்தார்கள், பெண்கள் ஏராளமாக வந்தார்கள். இந்தக் கடைகளுக்கு வாரத்தில் ஏழு நாளும் வேலை. சனி, ஞாயிறு யாருக்கும் லீவு கிடையாது. மற்ற நாட்களில் முறை வைத்து, திங்கள் இரண்டு பேர், புதன் இரண்டு பேர் என்று ‘வீக் ஆஃப்’ போகிறது. மத்தியானச் சாப்பாடுகூட முறை வைத்துத்தான். உள்ளே சின்ன அறையில் இரண்டு பேர் சாப்பிட்டு எழுந்தால்தான் அடுத்த இரண்டு பேர் டிபன் பாக்ஸைத் திறக்க முடியும். வேலை கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதனால், ஒரு வருஷம் ஒரே கடையில் இருந்தும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடாதவர்கள் உண்டு.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் அலெக்ஸ் பென்ட்லண்டின் குழு ஒரு வங்கியின் கால் சென்டரை ஆராய்ந்தது. அங்கேயும் இதே கதை, ஆளுக்கொரு நேரத்தில் டீ இடைவேளை. யார் யாருடன் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பதிவு செய்யும் பேட்ஜ்களை ஊழியர்களின் கழுத்தில் மாட்டிப் பார்த்தார்கள். பிறகு பென்ட்லண்ட் சொன்ன யோசனை ஒன்றுதான்: ஒரு குழுவில் இருக்கும் எல்லோரையும் ஒரே நேரத்தில் டீ குடிக்க விடுங்கள். பின்தங்கியிருந்த குழுக்களில் ஓர் அழைப்பை முடிக்க ஆகும் நேரம் 20 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. மொத்த கால் சென்டரிலும் 8 சதவிகிதம். 2012-ல் வந்த அவருடைய கட்டுரையில் இருக்கும் கணக்கு இது. புது மெஷின் கிடையாது, புதுப் பயிற்சி கிடையாது. டீ மட்டும்தான்.

சரி, எந்த நாளில் எல்லோரையும் உட்கார வைப்பது? இந்தச் சலூனில் பதில் சுலபமாகக் கிடைத்துவிட்டது. ஏழு நாளும் கடை திறந்தாலும் செவ்வாயன்று முடி வெட்ட இன்றைக்கும் பலர் வருவதில்லை. பழைய லீவு நாள், புதுக் கடையில் மீட்டிங் நாளாகத் திரும்பி வந்திருக்கிறது.

ரூபாய் பேசாத கூட்டம்

மீட்டிங் எல்லாச் சலூனிலும்தான் நடக்கிறது என்று முதலாளிகள் சொல்வார்கள். பல இடங்களில் மீட்டிங் என்ற பெயரில் நடப்பது என்ன என்று எனக்குத் தெரியும். தலையில் கலர் பூசிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவன் காதில் எல்லாம் விழும். திரைக்குப் பின்னால் வரிசையாக நிற்க வைத்து, போன வாரம் யார் எத்தனை ஷாம்பு விற்கவில்லை, யார் ஹேர் ஸ்பாவுக்குக் கஸ்டமரைச் சம்மதிக்க வைக்கவில்லை என்று வாசிப்பார்கள். பிறகு அதே கணக்கு வாட்ஸ்அப் குரூப்பிலும் வரும், கீழே இருக்கும் பெயருக்குச் சிவப்புக் கட்டம் போட்டு. அது கூட்டமில்லை, வசூல்.

நான் பார்த்த சலூனில் செவ்வாய்க்கிழமை டார்கெட் பேசுவதில்லை. டார்கெட் இல்லாமல் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுப் பேசுகிறார். பத்துப் பேர் முன்னால் ஒருத்தியின் கணக்கைச் சொன்னால் மற்ற ஒன்பது பேரும் தரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

இன்னொரு வழக்கம்: கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும், மேனேஜர் கடைசியில். சீனியர் ஸ்டைலிஸ்ட் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் ‘மாஸ்டர் சொல்றது சரிதான்’ என்று முடித்துக்கொள்வார்கள். அன்று முதலில் பேசியது சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன். “அக்கா, புதுசா வர்ற கஸ்டமர் யாருக்குன்னு எப்படி முடிவு பண்றீங்க? எனக்குப் புரியவே இல்ல” என்றான். சிரிப்பு எழுந்தது. பிறகு அடங்கியது. ஏனென்றால் அந்தக் கேள்விதான் அந்தக் கடையின் பாதிச் சண்டைக்குக் காரணம்.

சம்பளத்துக்கு மேல், செய்யும் வேலைக்கு இத்தனை சதவிகிதம் என்று இன்சென்டிவ். அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வருபவர் யார் கைக்குப் போகிறார் என்பது அதனால் காசு விஷயம். ‘என் கஸ்டமரை அவ எடுத்துக்கிட்டா’ என்பது எந்தச் சலூனிலும் கேட்கும் புகார். பில் போடும் பெண்ணுக்கு யாரோடு நெருக்கமோ அவருக்கே ஆள் போகிறது என்ற சந்தேகமும் கூடவே இருக்கும். அன்றைக்குப் பத்து நிமிஷம் அதற்கே போனது. ரிசப்ஷன் மேஜைமேல் எல்லோரும் பார்க்கும்படி ஒரு நோட்டு, அதில் முறைப்படி பெயர், கஸ்டமர் குறிப்பிட்ட ஆளைக் கேட்டால் மட்டும் விலக்கு, அப்படிப் போனால் அவருக்கு அடுத்த முறை கிடையாது என்று பேசி முடித்தார்கள். மேனேஜர் உத்தரவாகப் போட்டிருந்தால் இரண்டே நிமிஷத்தில் முடிந்திருக்கும். இரண்டே வாரத்தில் நோட்டும் மூலைக்குப் போயிருக்கும்.

பில் போடும் பெண் சொன்னது வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. குறைந்த வரியோடு, கடைக்காரர் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போய்விட்டது. இதெல்லாம் கஸ்டமருக்குத் தெரியுமா? “பேப்பர்ல குறைஞ்சிருக்குன்னு போட்டிருக்கான், உங்க பில்லு மட்டும் ஏன் குறையல?” என்று அவரிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒன்று சொல்ல, முடி வெட்டிய பையன் வேறொன்று சொல்ல, பெடிக்யூர் பெண் சிரித்து மழுப்ப, ஒரே கடைக்குள் மூன்று பதில். எல்லோருக்கும் ஒரே பதிலை அந்த வார மீட்டிங்கிலேயே பேசி வைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

வாய் திறந்தால் என்ன ஆகும்

1990களில் ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை வார்டுகளில் மருந்து மாறிப்போவது பற்றி ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையுள்ள குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது; நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் தலைமை நர்ஸுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

சலூனில் யாரும் சாவதில்லை என்று நினைக்கலாம். ஆனால் அங்கே கையாளுவது ரசாயனம். கலரோடு கலக்கும் டெவலப்பர் ‘20 வால்யூம்’ என்றால் அதில் 6 சதவிகிதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. ‘40 வால்யூம்’ என்றால் 12. பாட்டில் மாறினால் உச்சந்தலை எரியும். கடையில் பாக்கெட்டில் விற்கும் ‘கருப்பு மருதாணி’ப் பொடிகள் பலவற்றில் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறது. அதைப் போட்டு ஒருமுறை அரித்தவருக்கு, அதே ரசாயனம் உள்ள வேறு கலரைப் பூசினால் முகமே வீங்கலாம். 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி, அவசரத்தில் எல்லோரும் தாண்டும் விதி.

இந்தக் கடையில் நடந்தது இது. கலர் போட வந்த ஓர் அம்மா, காலை நீட்டி பெடிக்யூருக்கு உட்கார்ந்தபோது, போன மாதம் வீட்டில் கருப்புப் பொடி போட்டுத் தலையெல்லாம் அரித்ததாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மணிப்பூர்ப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனாலும் ‘அரிப்பு’ புரிந்தது. அவர் அதைக் கலர் போடும் பெண்ணிடம் சொல்லவில்லை. கால் பார்ப்பவள் தலையைப் பற்றிப் பேசினால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். அந்த அம்மாவுக்கு நெற்றி ஓரத்தில் தடித்துப்போய், டாக்டரிடம் போகிற அளவுக்கு ஆனது. அடுத்த செவ்வாய் மீட்டிங்கில், யாரும் கேட்காமலே அந்தப் பெண் எழுந்து, “மேரேகோ மாலும் தா” என்று தொடங்கி, எனக்கு முன்பே தெரியும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். கலர் போட்ட பெண்ணுக்கு அன்றைக்குக் கோபம்தான். இப்போது பில் போடும் இடத்தில் ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு கார்டு இருக்கிறது. கலர் நம்பர், டெவலப்பர், கடைசியாக வீட்டில் தலைக்கு என்ன போட்டார் என்ற கேள்வி. என் செம்பட்டைத் தலைக்கு அப்படி ஒரு கார்டு போதுமாக இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டபோது, கஸ்டமர்கள் கூப்பிடும் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள்: ‘ரோஸி’. வாயில் நுழைய வேண்டும் என்று கடையில் வைத்த பெயர். மீட்டிங்கில் மட்டும் சொந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள். அறுவை சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த 19 அம்சப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் அத்தனை பேரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் ஒன்று. சர்ஜன் முதல் நர்ஸ் வரை. ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய் திறந்துவிட்டவர், அடுத்து ‘டாக்டர், இது சரியில்லை’ என்று சொல்லவும் வாய் திறப்பார் என்பதுதான் கணக்கு. ரோஸி வாய் மூடியிருந்தார். சொந்தப் பெயரில் கூப்பிட்ட இடத்தில்தான் எழுந்து பேசினார்.

2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்தபோது அங்கே இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் இந்த ஊர்ச் சலூன்களில் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர், மனதில் எது இருந்தாலும் முகத்தில் சிரிப்பை வைத்திருப்பதும் ஓர் உழைப்புதான் என்று 1983-ல் ஒரு புத்தகமே எழுதினார். நம்முடைய மருமகள் சண்டை, வேலை போன கதை, பையனின் மார்க் எல்லாவற்றையும் ‘ஆமா மேடம்’, ‘அப்படியா சார்’ என்று நாள் முழுக்கக் கேட்பவர்கள் இவர்கள். இவர்களிடம் யார் கேட்பது? மேனேஜர் மீட்டிங்கைத் தொடங்கும்போது பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. “ஊருக்குப் போன் பண்ணியா?” என்று ஒவ்வொருவரையும் கேட்கிறார். பதில் சொல்ல விரும்பாதவர் ‘ம்’ என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடுகிறார்.

இந்த நாற்பது நிமிஷத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. மீட்டிங்கும் அதில் அடக்கம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாற்பது நிமிஷம் என்றால் மொத்தம் 8 மணி நேரம். வாரத்தில் ஒருவரின் ஒருநாள் உழைப்பை முதலாளி இதற்குக் கொடுக்கிறார். இந்தக் கணக்கைச் சொன்னால் பல முதலாளிகள் முகம் மாறும். அவர்கள் ‘காலையில் அரை மணி சீக்கிரம் வாங்க’ என்று ஊழியர் நேரத்தில் கூட்டம் போடுவார்கள். லீவில் இருப்பவரையும் வரச் சொல்வார்கள். அப்படிக் கூட்டிய கூட்டத்தில் எல்லோரும் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். இங்கே செவ்வாயில் யாருக்கும் வீக் ஆஃப் போடுவதில்லை. உடம்பு சரியில்லாமல் வராதவருக்கு, மறுநாள் பில் போடும் பெண் நோட்டைப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்.

2021-ல் தமிழ்நாடு அதே சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால் வலி கேட்டு வந்த திருத்தம். முடி வெட்டுகிறவர் எப்படியும் நின்றுதானே வெட்ட வேண்டும் என்பார்கள். உண்மைதான். அதனால்தானோ என்னவோ, இந்தக் கூட்டத்தில் எனக்கு முதலில் பட்டது பேச்சு அல்ல, பன்னிரண்டு ஜோடிக் கால்கள் ஓய்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதினால் பொய். சீனியர் ஸ்டைலிஸ்ட் ஒருவர் கூட்டம் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேற கடைல ரெண்டாயிரம் கூடத் தர்றாங்க சார், இதெல்லாம் பேசி என்ன?” என்று வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. சம்பளம் கட்டுப்படியாகாத இடத்தில் வடை கொடுத்துக் கூட்டம் போட்டு ஆளை நிறுத்த முடியாது. ஆவணி முகூர்த்தத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் நாற்பது நிமிஷம் பத்தாகச் சுருங்கி, நின்றபடியே முடிந்துவிடுகிறது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் ஒரு மணி நேரம்கூடப் போகும். அப்போது ஒருவர் மற்றவர்களுக்குத் தன் கைவேலையைச் செய்து காட்டுவார். கொண்டை போடுவதை முடி வெட்டும் பையன்கள் கற்றுக்கொண்டது அப்படித்தானாம்.

கடைசியில் கூட்டித் துடைக்கும் அக்காவின் முறை. “வாஷ் பேசின்ல முடி அடைக்குதும்மா. நான் கையை விட்டுத்தான் எடுக்கிறேன். ஒரு சல்லடை வாங்கிப் போடுங்கன்னு போன வாரமே சொன்னேன்” என்றார். மேனேஜர் நோட்டைப் புரட்டினார். போன வாரப் பக்கத்தில் அது எழுதியிருந்தது, டிக் இல்லை. முகம் சுருங்கியது. “என் தப்புதான்க்கா. இன்னிக்கே வாங்கிடறேன்” என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, கலர் போடும் பெண் தன் பையிலிருந்து காசை எடுத்து அந்தப் புதுப் பையனிடம் கொடுத்தார்: “எதிர்ல ஹார்டுவேர் கடை, ஓடிட்டு வா.”

மணி பத்தே கால். டீ கிளாஸ்களை அடுக்கினார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பின. ஷட்டர் முழுசாக ஏறியபோது வெளியே ஒரு பெரியவர் குடையோடு நின்றிருந்தார்.

“செவ்வாக்கிழமை, கடை உண்டாம்மா?”

“உண்டுங்கய்யா, உள்ள வாங்க” என்றார் துடைப்பத்தோடு நின்ற அக்கா.